சூரியன் இல்லாத தைப்பொங்கல்



தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்தில் சூரியன் காலை ஆறரை மணிவாக்கில் எழும்பும். முற்றம் மெழுகிக் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து ஏற்றிய பானையில் பால் பொங்கிச் சரியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள். அதே நாளில் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் சூரியன் எழும்பாது. மேகமூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. நவம்பர் மூன்றாம் வாரம் முடிகையில் கீழே போன சூரியன், ஜனவரி 20, 21 வரைக்கும் அங்கே அடிவானத்துக்கு மேல் தலை காட்டுவதே இல்லை. சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, சூரியன் விடுப்பில் இருக்கும் காலத்தின் கடைசி வாரத்தில் வந்து நிற்கிறது.

அந்த ஊர்களில் தமிழர் வாழ்கிறார்கள், பொங்குகிறார்கள். கார்த்திகை விளக்கீடு தொடங்கித் தைப்பொங்கல் வரைக்குமான அவர்களுடைய பண்டிகைக் காலம்தான் இன்றைய பேச்சு. அதிலும் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் தெற்கே போய்விட, வீட்டில் இருவராக மிஞ்சிய கணவன் மனைவியின் பண்டிகைக் காலம். இங்கே வரப்போகும் தம்பதி ஒரு குறிப்பிட்ட வீட்டார் அல்லர். பல வீடுகளின் சாயல் அவர்களிடம் இருக்கும். பெயர் வைக்கப்போவதில்லை. அவர்களைச் சுற்றியுள்ள ஊரும் சட்டமும் வானமும் மட்டும் உள்ளது உள்ளபடி.

யாழ்ப்பாணத்தார் அவ்வளவு வடக்கே எப்படிப் போனார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அன்ரனி இராஜேந்திரம் என்பவர் 1956இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அந்நாட்டு நண்பர்களின் பணத்தையும் தொழில் அறிவையும் திரட்டி 1967இல் சீநோர் நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலை பின்னும் ஆலை. மீனை நம்பிய ஒரு கரை, மீனை நம்பிய இன்னொரு கரையோடு கைகோத்த கதை அது. அந்தத் தொடர்பின் வழியே எழுபதுகளில் இளைஞர்கள் நோர்வேயின் 'ஃபோல்க்கஹொய்ஸ்கூலே' எனும் விடுதிக் கல்லூரிகளுக்குப் போனார்கள். பரீட்சையும் புள்ளியும் இல்லாத படிப்பு. பெற்றோருக்கு அது படிப்பாகவே தோன்றியிருக்காது. ஆனால் விசா கிடைத்தது.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் படிக்கப் போகவில்லை, உயிருக்குத் தப்பிப் போனார்கள். நோர்வே அரசு அகதிகளை நாடெங்கும் உள்ள ஊராட்சிகளுக்குப் பகிர்ந்து அனுப்பியது. வடக்கே ஃபின்மார்க் மாவட்டக் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் பக்ரறிகளுக்கு ஆள் போதாது. உள்ளூர் இளசுகள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொட் மீனைத் துண்டு போடுவதற்கு நோர்வேஜிய இலக்கணம் வேண்டாம், கூரான கத்தியும் குளிர் தாங்கும் உடம்பும் போதும். ஒருவர் போனார், மச்சானை அழைத்தார், மச்சான் தன் நண்பனை அழைத்தான். ஆயிரம், இரண்டாயிரம் பேர் மட்டும் வாழும் ஊர்களில் தமிழ் கேட்கத் தொடங்கியது இப்படித்தான்.

பிறகு அவர்களில் பெரும்பாலானோர் தெற்கே இறங்கிவிட்டார்கள். ஒஸ்லோவில் சொந்தக்காரர் உண்டு. அம்மெருட் பகுதியில் சிவசுப்பிரமணியர் ஆலயம் உண்டு, பிள்ளைகளுக்கு அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் உண்டு, கறிவேப்பிலை விற்கும் கடை உண்டு. ஹம்மர்ஃபெஸ்ட்டிலிருந்து ஒஸ்லோவுக்குத் தரை வழி 1,800 கிலோமீட்டருக்கு மேல். சனி ஞாயிறுக்குப் போய்வரும் தூரமல்ல. வடக்கில் தங்கியவர்கள் வேலை நிலைத்ததாலும், வீடு வாங்கிவிட்டதாலும், சிலர் அந்த ஊர் உண்மையிலேயே பிடித்துப்போனதாலும் தங்கினார்கள். மூன்றாவது காரணத்தை யாரும் எளிதில் நம்புவதில்லை. ஒஸ்லோக்காரர்கள் அவர்களைப் பார்த்து "இன்னும் அங்கேயா?" என்று கேட்பது வழக்கம்.

இருட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. துருவ இரவு என்றால் இரண்டு மாதம் கும்மிருட்டு என்று நினைத்துவிடுகிறோம். ஹம்மர்ஃபெஸ்ட்டில் டிசம்பர் 21 அன்றுகூட நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு ஏறத்தாழ நாலு பாகைதான் கீழே இருக்கும். அதனால் இரண்டு மூன்று மணி நேரம் நீல வெளிச்சம் பரவும். பனி அந்த நீலத்தை வாங்கித் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்த நாளென்றால் ஜன்னலோரம் வைத்துப் பேப்பர் வாசிக்கலாம். அதற்குப் பிறகு இருட்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடித்து வருபவருக்கும் இரவு பத்து மணிக்கு வருபவருக்கும் வானத்தில் அதிக வித்தியாசம் தெரியாது.

கார்த்திகை விளக்கீடு இந்த இருட்டின் தொடக்கத்தில் வருகிறது. யாழ்ப்பாணத்தில் வாழைக்குற்றி நட்டு, சிட்டியில் எண்ணெய் விட்டு, படலையில் விளக்கேற்றுவார்கள். நம் தம்பதி படலைக்குப் போனால் காற்று ஒரு நிமிடம்கூடச் சுடரை விட்டுவைக்காது. விளக்கு ஜன்னலுக்கு உள்ளே வருகிறது. அந்த வாரத்தில் தெரு முழுக்க அதையேதான் செய்துகொண்டிருக்கிறது! கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளையும் நோர்வேயர்கள் விளக்கால் கணக்கிடுகிறார்கள். ஏழு கிளை கொண்ட மின்மெழுகுத் தண்டு, கடதாசி நட்சத்திர விளக்கு என்று ஒவ்வொரு ஜன்னலிலும் ஏதாவது எரியும். திரைச்சீலையை யாரும் இழுத்து மூடுவதில்லை. வெளியே நடப்பவருக்கும் வெளிச்சம் வேண்டும் அல்லவா? அந்த வரிசையில் ஒரு வீட்டில் மட்டும் பித்தளைக் குத்துவிளக்கு எரிந்தால் யாரும் நின்று பார்க்கப்போவதில்லை. ஊரோடு ஒத்துப்போக எதையும் மாற்றத் தேவையில்லாத ஒரே பண்டிகை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் முழுவதும் பலகாரம். நோர்வே வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை பிஸ்கற்று சுடுவது பழைய வழக்கம். எந்த ஏழு என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு, சண்டையும் உண்டு. ஏழுக்குக் குறைந்தால் வீட்டுக்காரிக்கு மானக்கேடு என்று அந்தக்காலப் பாட்டிமார் நினைத்தார்களாம். அரியதரம், பயத்தம் உருண்டை, முறுக்கு, சிப்பி என்று எண்ணி வைக்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

அந்த ஏழில் பல வீடுகளில் இடம்பெறும் ஒன்றின் பெயர் ரொசெட்பாக்கெல்ஸ். நீண்ட கைப்பிடியின் முனையில் பூவோ நட்சத்திரமோ இதயமோ ஆன இரும்பு அச்சு. முதலில் வெறும் அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் வைத்துச் சூடாக்க வேண்டும். பிறகு மாவில் தோய்க்க வேண்டும். விளிம்பு வரைதான், விளிம்பு தாண்டி மாவு மேலே ஏறிவிட்டால் பலகாரம் அச்சை விட்டு வராது. மறுபடி எண்ணெயில் இறக்கினால் சீறும். சில விநாடியில் ஓரம் பொன்னிறமாகும்போது மெல்ல ஒரு உதறு. கழன்று மிதக்கும்.

இதைக் கேட்கும்போதே இங்கே உள்ள பெண்கள் பலர் சிரிக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அச்சுமுறுக்கு, இலங்கையில் கொக்கிஸ். அதே அச்சு, அதே சூடு, அதே உதறு. அவர்கள் கோதுமை மாவும் முட்டையும் பாலும் சேர்த்து, மேலே பொடிச்சீனி தூவுகிறார்கள். நாம் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்க்கிறோம். ஊரிலிருந்து அச்சுக் கொண்டுவர மறந்த பெண் ஹம்மர்ஃபெஸ்ட் கடையிலேயே வாங்கிவிடலாம். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு தகரப் பெட்டியில் தன் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுக்க, அதே பெட்டியில் தன் கொக்கிஸைப் போட்டு இவள் திருப்பிக் கொடுத்தால், எது யாருடையது என்று இருவருமே ஒரு கணம் திகைப்பார்கள். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் யாழ்ப்பாணத்தாள் எங்கே போனாலும் கறார்.

எண்ணெய்ச் சட்டி வைப்பது குளிர்நாட்டு வீட்டில் சின்னக் காரியமல்ல. ஜன்னல் திறந்தால் உறைபனிக் காற்று, மூடினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். கணவனின் பண்டிகை வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு தட்டையோ துவாயையோ பிடித்துக் கருவிக்குக் கீழே நின்று விசிறுவது. ஊரில் அவருடைய அப்பா பொங்கலன்று வெடி வாங்கியதோடு கடமை முடித்தவர். இரண்டே பேர் உள்ள வீட்டில் அப்படிக் கழன்றுகொள்ள முடியாது. மாவு இடிப்பவர், வறுப்பவர், பிழிபவர், மேற்பார்வை செய்யும் பெரியம்மா எல்லாருமே இந்த இருவர்தான். புலம்பெயர்ந்த வீடுகளில் ஆண்கள் சமையலுக்குள் வந்த கதையை எழுதுகிறவர்கள் பண்டிகை நாட்களிலிருந்து தொடங்கலாம்.

டிசம்பர் 23 இரவு நோர்வே அரசுத் தொலைக்காட்சியில் ஒரு சின்ன நாடகம் காட்டுவார்கள். பல பத்தாண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் அதே நாடகம். 1963இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டுப் பேர்பெற்ற நகைச்சுவை. தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடும் சீமாட்டி ஒருவர். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி, நாலும் காலி. நண்பர்கள் எல்லாரும் எப்போதோ செத்துவிட்டார்கள். பரிமாறுபவர் ஒவ்வொரு நாற்காலியாகப் போய், அந்தந்த நண்பருக்காகத் தானே மது குடித்து வாழ்த்துச் சொல்லி, கடைசியில் தள்ளாடுகிறார். நாடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. வராத விருந்தாளிகளுக்கு இடம் போட்டு வைக்கும் இந்த நாடகத்தை ஒரு தேசம் தன் பண்டிகையின் தொடக்கமாக வைத்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. பிள்ளைகள் வராத வருடத்தில் அதைப் பார்க்கும் பெற்றோர் எங்கே சிரிப்பார்கள், எங்கே நிறுத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் 24. நோர்வேயில் பெரியநாள் அதுதான். மாலை நாலு மணிக்கெல்லாம் கடைகள் பூட்டிவிடும், சட்டமே அப்படி. ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் பண்டிகையை அடித்துத் திறக்கும். அதற்குப் பிறகு தெருவில் ஆளே இருக்காது. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. குடும்பம், மேசை, கதவுக்குள் எல்லாம். நல்லூர்த் திருவிழாவையும் சித்திரைக் கைவிசேடத்தையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் சில வருடங்கள் இது பண்டிகையாகவே தெரியாது. ஊரடங்கு என்று தோன்றும். ஈழத்திலிருந்து போனவர்களுக்கு ஊரடங்கு என்ற சொல்லுக்கு வேறு நினைவுகளும் உண்டு. ஆனால் இருவராகத் தனித்திருக்கும் தம்பதிக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. ஊரே கதவடைத்து அமைதியாக இருக்கும் நாளில், தங்கள் வீடு மட்டும் வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றாது. கோலாகலமான ஊரில்தான் தனிமை காதில் விழும்.

அவர்கள் கத்தோலிக்கராக இருந்தால் கதை சற்று மாறும். நோர்வேயின் கத்தோலிக்கத் திருச்சபையில் தமிழருக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. ஹம்மர்ஃபெஸ்ட்டின் புனித மிக்கேல் ஆலயம் உலகின் வடகோடிக் கத்தோலிக்க ஆலயம் என்று பேர் பெற்றது. அங்கே திருப்பலி முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கும் கூட்டத்தில் பிலிப்பைன்ஸ்காரரும் போலந்துக்காரரும் தமிழரும் கலந்திருந்தால், பொதுமொழி நோர்வேஜியம்தான்.

கிறிஸ்துமஸ் உணவில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 23ஆம் அல்லது 24ஆம் திகதி அநேக வீடுகளில் அரிசியைப் பாலில் குழையக் காய்ச்சுவார்கள். சீனியும் கறுவாத்தூளும் மேலே தூவி, நடுவில் ஒரு துண்டு வெண்ணெய் வைத்து உருகவிடுவார்கள். பானைக்குள் ஒரேயொரு வாதுமைப் பருப்பு ஒளித்திருக்கும். யார் தட்டில் அது வருகிறதோ அவருக்கு வாதுமை மாவில் செய்த இனிப்புப் பன்றி பரிசு. களஞ்சியத்தில் குடியிருக்கும் குட்டிச்சாத்தானுக்கும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்குத் தொல்லை கொடுக்குமாம். பாலில் வெந்த அரிசி, மாடு, படையல். மூன்று வாரம் கழித்து வரப்போகும் பண்டிகைக்கு முன்னோட்டம் பார்த்த மாதிரி இருக்கிறது! அந்தக் கஞ்சிக்கென்று கடையில் விற்கும் குட்டை அரிசி, குழைவதில் நம் பச்சரிசிக்கு இளைத்ததல்ல.

புத்தாண்டு இரவு மட்டும் சத்தம். நோர்வேயில் பொதுமக்கள் வாணவெடி கொளுத்த ஆண்டில் ஒரே இரவுதான் அனுமதி, டிசம்பர் 31 மாலை ஆறு முதல் அதிகாலை இரண்டு வரை. கடையில் விற்பனையும் 27 முதல் 31 வரைதான். குச்சி ரொக்கெற்றுகள் 2008இலேயே தடை. பொங்கலுக்கு வெடி கொளுத்த ஆசைப்படும் யாழ்ப்பாணத்து மனிதர் ரெண்டு வாரம் முன்னதாகவே ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பொங்கல்.

முதல் கேள்வி லீவு. ஜனவரி 14 அல்லது 15 நோர்வேயில் சாதாரண வேலைநாள். மீன் ஆலைகளுக்கோ பரபரப்பான காலத்தின் தொடக்கம். முட்டையிட வரும் கொட் மீன் கூட்டம் ஜனவரியில்தான் வடக்குக் கரையை அணுகும். ஆனால் நோர்வே சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. நாட்டின் பொதுவிடுமுறைகள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பண்டிகைகளை ஒட்டியவை என்பதால், வேறு சமயத்தவர் தங்கள் திருநாளுக்காக ஆண்டுக்கு இரண்டு நாள் வேலையிலிருந்து விலகியிருக்கலாம். பதினாலு நாள் முன்பே சொல்ல வேண்டும். முதலாளி விரும்பினால் அந்த மணிநேரத்தை வேறு நாளில் வேலை செய்து ஈடுகட்டச் சொல்லலாம். இரண்டே நாள்! தீபாவளியா, பொங்கலா, சித்திரையா, சிவராத்திரியா? தெய்வங்களுக்குள்ளே தேர்தல் வைக்கவேண்டிய நிலை. சூரியனுக்கு ஒரு வாக்கு எப்படியும் விழுந்துவிடும் என்று நினைக்கிறேன், அந்த ஊரில் அவருக்குத் தட்டுப்பாடு அதிகம்.

அடுத்தது பஞ்சாங்கம். நம் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். மகரத்துக்குச் சூரியன் நுழையும் கணம் அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்று பார்த்துத்தான் தை முதல் நாள் எதுவென்று முடிவாகும். உதயமும் அஸ்தமனமும் இல்லாத ஊரில் இந்த விதியைக் கொண்டுபோய் எங்கே மாட்டுவது? இதற்குப் பாட்டன்மார் வழி சொல்லவில்லை. அவர்களில் யாரும் 70 பாகை அட்சரேகையில் இருக்கவில்லை. நடைமுறையில் எல்லாரும் ஊர்க் கலண்டரைத்தான் பார்க்கிறார்கள். இதே சிக்கல் திரொம்சோ நகர முஸ்லிம்களுக்குக் கோடையில் வரும். சூரியன் மறையாத மாதத்தில் ரமழான் வந்தால் நோன்பை எப்போது திறப்பது? அவர்கள் மக்கா நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்த் தம்பதி யாழ்ப்பாண நேரத்தை எடுத்துக்கொண்டால் இன்னொரு தொல்லை. யாழ்ப்பாணத்தின் காலை ஆறரை, நோர்வேயில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ஊரில் அம்மா முற்றத்தில் பொங்குவதை வீடியோவில் பார்க்க ஒருமுறை எழும்பிவிட்டு, மறுபடி படுத்து, பிறகு தங்கள் பானையை ஏற்ற வேண்டும்.

கோலம் போடும் இடமும் சிக்கல்தான். வெண்பனி மூடிய வாசலில் வெள்ளை மாவால் கோலம் போட்டால் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். அது வரவேற்பறைப் பலகைத் தரைக்கு இடம்பெயர்கிறது.

பானையோ இன்னும் கடினம். நோர்வே வீடுகளில் சமையல் பெரும்பாலும் மின்சாரத்தில், நீர்மின்சாரம் தாராளம். புது அடுப்புகள் பல காந்தப் புலத்தில் வேலை செய்பவை. மண்பானை, பித்தளைப் பானை, அலுமினியப் பானை மூன்றையும் அந்த அடுப்பு ஒரு பொருட்டாகவே மதிக்காது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். ஆக, அப்படி அடி கொண்ட எவர்சில்வர் பானை ஏறுகிறது, அதன் கழுத்தில் இஞ்சிக் கொத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய இஞ்சித் துண்டை நூலில் கட்டுகிறார்கள். பால் பொங்கிச் சரிய வேண்டும் என்பது சாத்திரம். சரிந்த பால் கண்ணாடித் தட்டில் கருகிப் பிடித்தால் சுரண்டி எடுப்பது பெரும் பாடு, ஆகவே கொஞ்சமாகச் சரிந்தால் போதும் என்பது இல்லத்துச் சாத்திரம். இதற்கு மேல் 'கொம்ஃபிர்வக்ட்' என்று ஒரு அடுப்புக் காவலன் இருக்கிறான். 2010க்குப் பிறகு கட்டிய வீடுகளில் கட்டாயம். அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கும் சின்ன உணரி, சூடு எல்லை மீறுகிறது என்று கண்டால் முதலில் கீச்சிடும், கவனிக்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பால் விளிம்புக்கு வந்து நிற்கும் நேரம் பார்த்து அவன் கடமையைச் செய்தால் என்ன ஆகும்?

"இஞ்சாருங்கோ, அடுப்பு நிண்டிட்டுது!"

"பொறும், அந்தப் பொத்தானை ஒருக்கா அமத்திப் பாரும்."

"அமத்திப் பாத்திட்டன். நீங்கள் முதல்ல அந்த ஜன்னலைத் திறவுங்கோ."

பிறகு எப்படியோ பொங்கும். வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ் எல்லாம் விழும். ஏலக்காய் வாசம் வீட்டை நிறைக்கும்.

எந்தத் திசையில் படைப்பது? கிழக்கு என்பது நமக்குப் பழக்கம். துருவ இரவில் கிழக்கு ஜன்னலில் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் வானம் சிவப்பது தெற்கே. ஹம்மர்ஃபெஸ்ட்டில் ஜனவரி நடுவில் காலை பதினொன்றரை மணிவாக்கில் நேர் தெற்கு அடிவானம் செம்மஞ்சளாகும். சூரியன் அப்போது அடிவானத்துக்கு வெறும் இரண்டு பாகை கீழே. எழும்பப்போவது மாதிரி வந்து, எழும்பாமலே வலப்பக்கம் நழுவிப் போய்விடும். விவரம் தெரிந்த தம்பதி படையலைத் தென்புற ஜன்னலுக்கு மாற்றி, நேரத்தையும் பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டால், கண்ணுக்கு ஏதோ ஒன்று கிடைக்கும். தெற்கு யமன் திசை என்று ஊரிலிருந்து யாராவது வீடியோவில் கண்டிப்பார்கள்தான். அவர்களுக்கு வானியல் விளக்கம் சொல்வதைவிட, கமெராவைத் திருப்பிவிடுவது எளிது.

இதையெல்லாம் சிரித்துச் சொல்கிறோம். சிரிப்புக்கு அப்பால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அன்னெ சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர் வட நோர்வேயின் மீன்பிடி ஊர் ஒன்றில் வாழ்ந்த தமிழர்களிடையே தங்கி ஆய்ந்து, 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளூர் மருத்துவ நிலையத்துக்குத் தமிழர்கள் அடிக்கடி வந்தார்கள். கை கால் உளைவு, தலையிடி, உடம்பு நோவு. பரிசோதித்தால் பிடிபடும் நோய் இல்லை. மருத்துவருக்கு அது புதிர். கிரோன்செத் அந்த நோவைத் தனிமையோடும், உறவுகளின் வலையை இழந்ததோடும், தாங்கள் யார் என்பதை உறுதிப்படுத்தும் சடங்குகளும் சுற்றமும் இல்லாமற்போனதோடும் சேர்த்து வாசித்தார். நூலின் தலைப்பிலேயே தனிமை இருக்கிறது. அமைதியான பண்டிகை என்று நாம் இரசித்துப் பேசும் அதே வீடுகளில்தான் அந்த உளைவும் இருந்தது. தெற்கே குடிபெயர்ந்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

இருட்டும் தன் பங்குக்கு உடம்பைப் பிடிக்கும். சூரியன் இல்லாவிட்டால் வைற்றமின் டி இல்லை, கறுத்த தோலுக்கு அந்தக் குறை இன்னும் அதிகம். நோர்வேயர்கள் இதற்குக் கொட் மீன் ஈரல் எண்ணெயைக் கரண்டியில் குடிக்கிறார்கள். மாதத்தின் பெயரில் 'ர்' ஒலி இருந்தால் குடிக்க வேண்டும் என்பது அவர்களின் பாட்டி வைத்தியம். செப்தெம்பர் முதல் ஏப்ரில் வரை எல்லாவற்றிலும் அந்த ஒலி இருக்கிறது. பொங்கலன்று காலை சர்க்கரைப் பொங்கலுக்கு முன் ஒரு கரண்டி மீனெண்ணெய். சைவக்காரருக்குக் குளிசை உண்டு.

தங்கியவர்களிடம் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஊரில் செய்ததைச் சின்னதாகச் செய்வது என்ற நிலையிலிருந்து, இந்த ஊரின் வானத்தைப் பார்த்துச் செய்வது என்ற நிலைக்கு அவர்கள் நகர்கிறார்கள். அதற்கு உள்ளூரிலேயே துணை உண்டு. சூரியன் திரும்பும் நாளை வட நோர்வேயும் கொண்டாடுகிறது. திரொம்சோவில் ஜனவரி 21 சூரியநாள். கணக்குப்படி அங்கே சூரியன் 15ஆம் திகதி வாக்கிலேயே அடிவானத்தை எட்டிவிடும், மலைகள் மறைப்பதால் நகரத்துக்கு 21 வரை காத்திருக்க வேண்டும். அன்று கடைகளில் சூரியப் பணிஸ் விற்கும், உள்ளே பழப்பாகு வைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை. பள்ளிப் பிள்ளைகள் முதல் கதிரைப் பார்க்க வெளியே வருவார்கள். இன்னும் கிழக்கே வார்டோ ஊரில், கோட்டை மதிலிலிருந்து சூரியனின் முழுவட்டமும் தெரியும் நாளில் பீரங்கி முழங்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லொங்யியர்பியென் குடியிருப்பில் மார்ச் 8 வரை பொறுக்க வேண்டும். பழைய மருத்துவமனையின் படிக்கட்டு மட்டும் மீதமிருக்கிறது. அந்தப் படியில் வெயில் விழுந்தால்தான் சூரியன் வந்ததாகக் கணக்கு, ஊரே கூடி நின்று சூரியனைக் கூவி அழைக்கும்.

பொரித்த இனிப்பு, வெடிச்சத்தம், பிள்ளைகளுக்கு லீவு, சூரியனுக்கு வரவேற்பு. நம் தம்பதிக்கு இதில் எதுவும் அந்நியமல்ல. பொங்கலை அவர்கள் தங்கள் சமையலறையில் இருவராகக் கொண்டாடுகிறார்கள், ஒரு வாரம் கழித்து அதே சூரியனுக்காக ஊரோடு தெருவில் நிற்கிறார்கள். ஆலை மேற்பார்வையாளரிடம் பொங்கல் என்றால் என்ன என்று விளக்க வேண்டுமானால், "எங்களுக்குச் சூரியநாள் கொஞ்சம் முந்தி வரும்" என்றால் போதும்.

முந்தி வருவதும் நிரந்தரமல்ல. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் மகரத்தில் நுழைந்த நாளும் டிசம்பரின் நெடிய இரவும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நம் கணக்கு எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் பின்தள்ளி, இப்போது ஜனவரி நடுவுக்கு வந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால், பஞ்சாங்கக்காரர்கள் யாரும் குறுக்கே வந்து திருத்தாவிட்டால், இன்னும் ஐந்நூறு ஆண்டில் தைப்பொங்கல் ஜனவரி 21 வாக்கில் வரும். ஹம்மர்ஃபெஸ்ட்டில் சூரியன் எழும்பும் அதே நாள். அதுவரைக்கும் அங்கே பொங்குகிறவர்கள் ஒரு வாரம் முன்பணமாகத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.